பன்றிக்கு எத்தனை கெஜம்? ரைபிள் ஜீரோவை முடிவு செய்வது

மூன்று வருடத்துக்கு முன், நவம்பர் மாதத்து சாயங்காலம் ஒன்று. டெக்ஸாஸில் லானோ கவுண்டியில் நண்பர் ஒருவரின் பண்ணை. பரணில் உட்கார்ந்து, சுமார் 100 கெஜம் தள்ளி நின்ற மக்காச்சோளத் தீவனப் பீப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் .308 போல்ட் ரைபிள் (.308 என்பது தோட்டாவின் அளவு, போல்ட் என்றால் ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றுவது). மான் வேட்டைக்காக 200 கெஜத்தில் ஜீரோ செய்து, அதாவது குறி பார்க்கும் ஸ்கோப்பின் குறுக்குக்கோடும் குண்டு விழும் இடமும் அந்தத் தூரத்தில் ஒன்றாகும்படி திருத்தி வைத்திருந்ததை அப்படியே எடுத்து வந்திருந்தேன். இருட்டுவதற்குச் சற்று முன் ஒற்றை ஆண் பன்றி ஒன்று வந்தது. பக்கவாட்டில் நின்றது. தோளின் நடுவில் குறி வைத்துச் சுட்டேன். பன்றி அந்த இடத்திலேயே விழுந்தது. நான் மூச்சு விடுவதற்குள் எழுந்து மெஸ்கீட் புதருக்குள் ஓடிவிட்டது.

நள்ளிரவு வரை டார்ச் அடித்துத் தேடினோம். முதல் ஐம்பது அடிக்கு ரத்தத் துளிகள் இருந்தன, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. மறுநாள் காலையிலும் போய்ப் பார்த்தோம், கிடைக்கவில்லை. காயத்தோடு ஒரு விலங்கை ஓடவிட்டு வீடு திரும்புவது என்னால் சுலபமாக மறக்கக்கூடிய விஷயமாக இல்லை. அந்த வாரம் முழுக்க எங்கே தப்பு செய்தேன் என்று யோசித்தேன். கை நடுங்கவில்லை, ஸ்கோப் நகரவில்லை, தோட்டாவும் சரியானதுதான். தப்பு ஜீரோவில் இருந்தது. ஜீரோ கோணலாக இல்லை. அந்த விலங்குக்கும் அந்தத் தூரத்துக்கும் அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். டெக்ஸாஸில் புதிதாகப் பன்றி வேட்டைக்கு இறங்கும் நம் ஆட்கள் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். சுடுதளத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டால் ஒருவர் 25 என்பார், ஒருவர் 50 என்பார், இன்னொருவர் 100 அல்லது 200 என்பார். நாலுமே சரியாக இருக்கலாம். எது உங்களுக்குச் சரி என்பது நீங்கள் எங்கே உட்கார்ந்து, எதைக் கொண்டு, பன்றியின் எந்த இடத்தைச் சுடப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

சட்ட விஷயம் இரண்டை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019 செப்டம்பர் 1 முதல் டெக்ஸாஸில் தனியார் நிலத்தில், நிலத்துக்காரர் அனுமதியோடு காட்டுப்பன்றி சுட வேட்டை உரிமம் தேவையில்லை. ஆனால் எச்-1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு நாட்டின் கூட்டாட்சிச் சட்டம் வேறு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விலக்குகளில்தான் அவர்கள் துப்பாக்கியை வைத்துக்கொள்ளவே முடியும். பன்றிக்கு உரிமம் வேண்டாமே என்று அதை எடுக்காமல் விடாதீர்கள். அப்புறம், இங்கே எழுதுவது எதுவும் இந்தியாவுக்குப் பொருந்தாது. அங்கே 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பன்றியையும் காக்கிறது.

ஜீரோ என்றால் என்ன

குழலின் நடுக்கோடு கீழே இருக்கிறது, ஸ்கோப் அதற்கு மேலே இருக்கிறது. குண்டு குழலை விட்டுக் கிளம்பிய நொடியிலிருந்து பூமி அதைக் கீழே இழுக்கிறது. அதனால் குழலை மிக லேசாக மேல்நோக்கிச் சாய்த்து வைக்கிறோம். குண்டு கீழேயிருந்து ஏறி வந்து பார்வைக்கோட்டை ஒரு முறை வெட்டும், கொஞ்ச தூரம் அதற்கு மேலே போகும், பிறகு இறங்கி வந்து இரண்டாவது முறை வெட்டும். ஜீரோ என்பது இந்த வெட்டுகளில் ஒன்றை நாம் விரும்பும் தூரத்தில் வைப்பது. 25 அல்லது 50 கெஜத்தில் ஜீரோ செய்பவர் பெரும்பாலும் முதல் வெட்டை வைக்கிறார். 200 கெஜத்தில் செய்பவர் இரண்டாவது வெட்டை வைக்கிறார். கெஜம் என்பது மூன்று அடி. அமெரிக்கச் சுடுதளங்கள் எல்லாம் கெஜக் கணக்குத்தான்.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது ஸ்கோப்பின் உயரத்தை. போல்ட் ரைபிளில் ஸ்கோப் குழலின் நடுக்கோட்டிலிருந்து சுமார் ஒன்றரை அங்குலம் மேலே இருக்கும். ஏஆர்-15இல் (பெரும்பாலும் .223 தோட்டா போடும், அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைபிள்) சுமார் 2.6 அங்குலம். இருட்டில் உடம்பின் வெப்பத்தைக் காட்டும் தெர்மல் ஸ்கோப் மாட்டினால் சில சமயம் இன்னும் கூடும். இந்த ஓர் அங்குல வித்தியாசம் கணக்கையே மாற்றிவிடும். எப்படி என்று கீழே வருகிறேன்.

பன்றியின் உடம்பு

ஜீரோவைப் பற்றிய பேச்சில் இதைத்தான் முதலில் பேச வேண்டும் என்பது என் கருத்து. மானுக்குப் பழகிய கண் பன்றியிடம் ஏமாறும்.

மானின் நுரையீரல் நெஞ்சுக்கூட்டின் நடுவில் பரந்து கிடக்கும். தோளுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் நடு உயரத்தில் சுட்டால் போதும். பன்றிக்கு எல்லாமே முன்னாலும் கீழேயும் தள்ளி இருக்கிறது. இதயம் முன்னங்கால்களுக்கு நடுவே, முழங்கை மூட்டுக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கிறது. நுரையீரலின் பெரும்பகுதி தோளெலும்பின் மறைவில் இருக்கிறது. முதுகெலும்பும் தோள் பக்கத்தில் நாம் நினைப்பதைவிடக் கீழே இறங்கி ஓடுகிறது. அதற்கு மேலே நீண்ட முள்ளெலும்புகள், கொழுப்பு, அதற்கும் மேலே சிலிர்த்து நிற்கும் பிடரி மயிர். பார்க்கும்போது எல்லாம் சேர்ந்து ஒரே உடம்பாகத் தெரியும். உடம்பின் நடு என்று நாம் நினைக்கும் இடம் உண்மையில் உயிர்நிலைக்கு மேல் விளிம்பு.

என் பன்றிக்கு நடந்தது இதுதான். 200 கெஜம் ஜீரோ என்றால் 100 கெஜத்தில் குண்டு ஏறத்தாழ 2 அங்குலம் மேலே போகும். நான் ஏற்கெனவே மானுக்கு வைப்பதுபோல உயரமாகக் குறி வைத்திருந்தேன். இரண்டும் சேர்ந்து குண்டு முதுகெலும்புக்கு மேலே உள்ள முள்ளெலும்பைத் தட்டியிருக்க வேண்டும். அந்த அதிர்ச்சியில் பன்றி விழும், தண்டுவடம் அறுபடாததால் சில நொடியில் எழுந்துவிடும். சுட்டவுடன் பொத்தென்று விழுந்து பிறகு எழுந்து ஓடுகிற பன்றிகளின் கதை பெரும்பாலும் இதுதான். அதனால் பன்றியைப் பொறுத்தவரை இரண்டு அங்குலம் கீழே போவதைவிட இரண்டு அங்குலம் மேலே போவது மோசம். ஜீரோ தேர்வில் நான் இதற்கு அதிக எடை கொடுக்கிறேன்.

வயதான ஆண் பன்றிக்குத் தோளில் கேடயம் மாதிரி ஒரு தடித்த தோல் இருக்கும். ஆண்கள் ஒருவரோடு ஒருவர் மோதும்போது கோரைப்பல் இறங்காமல் காப்பது அது. சரியான ரைபிள் குண்டு அதைத் துளைத்துவிடும், பயப்பட வேண்டாம். .223 வைத்திருப்பவர்கள் மட்டும் உள்ளே இறங்கக்கூடிய வேட்டைக் குண்டாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சுடுவதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று தோள்: நடுத்தரப் பன்றியில் சுமார் ஆறு அங்குல வட்டம், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில். இன்னொன்று காதின் அடிப்பாகம்: மூளை இருக்கும் இடம். அதன் அளவு ஒரு பெரிய எலுமிச்சம்பழம். பட்டால் அந்த இடத்திலேயே முடிந்துவிடும், தேடல் கிடையாது, இறைச்சியும் வீணாகாது. ஆனால் ஓர் அங்குலத்துக்கு மேல் பிசகக் கூடாது. தோளைச் சுடுபவருக்கு மூன்று அங்குலம் மேலும் கீழும் இடம் இருக்கிறது, காதைச் சுடுபவருக்கு இல்லை. ஒரே ரைபிளுக்கு இருவரும் வேறு வேறு ஜீரோ கேட்பது நியாயம்தான்.

25 கெஜம்

இதை நான் தொடக்கப் புள்ளியாக மட்டும் பார்க்கிறேன். புதிய ஸ்கோப்பைப் பொருத்தியதும் 25 கெஜத்தில் இரண்டு மூன்று குண்டு சுட்டுத் தாளில் விழ வைப்பதற்கு நல்லது. அங்கேயே நிறுத்திவிடுவதுதான் ஆபத்து.

55 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டை வினாடிக்குச் சுமார் 3,100 அடி வேகத்தில் அனுப்பும் ஏஆர்-15ஐ எடுத்துக்கொள்வோம், ஸ்கோப் உயரம் 2.6 அங்குலம். 25 கெஜத்தில் சரியாக ஜீரோ செய்தால் 100 கெஜத்தில் குண்டு ஆறு அங்குலத்துக்கு மேல் உயரே போகும். 200 கெஜத்தில் ஏறக்குறைய பத்து அங்குலம். திரும்ப இறங்கி வருவது 300 கெஜத்தையும் தாண்டித்தான். 100 கெஜத்தில் தோளைக் குறிவைத்தால் முதுகுக்கு மேலே காற்றில் போகும்.

அமெரிக்க ராணுவத்தில் 25 மீட்டரில் ஜீரோ செய்து 300 மீட்டருக்குத் தயாராகும் பழக்கம் இருந்தது. அங்கே குறி நிற்கும் மனிதனின் உடம்பு. பத்து அங்குலம் மேலே போனாலும் எங்காவது படும். அந்த அறிவுரையைப் பன்றிக்குக் கொண்டு வருவது பொருந்தாது. மரைன் படையினர் பயன்படுத்திய 36 கெஜ ஜீரோ கொஞ்சம் மென்மையானது, 100 கெஜத்தில் மூன்று அங்குலம் சொச்சம்தான் மேலே. அதுவும் பன்றிக்கு அதிகம்.

50 கெஜம்

ஏஆர் வைத்திருப்பவர்களிடம் மிகவும் பிரபலமானது இது. 50/200 என்று சொல்வார்கள். மேலே சொன்ன அதே ரைபிளில் 50 கெஜத்தில் ஜீரோ வைத்தால் 25இல் ஒன்றேகால் அங்குலம் கீழே, 100இல் ஒன்றரை அங்குலம் மேலே, 200இல் அரை அங்குலம் மேலே. நடுவில் எங்கேயும் இரண்டு அங்குலத்தைத் தாண்டுவதில்லை. 300இல்தான் ஏழெட்டு அங்குலம் விழுகிறது. அதாவது கைக்கெட்டும் தூரத்திலிருந்து 220 கெஜம் வரை குறியை நகர்த்தவே வேண்டாம். தோளின் கீழ்ப்பகுதியில் வைத்து அழுத்தினால் ஆறு அங்குல வட்டத்துக்குள் விழும்.

இந்த வசதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரவு வேட்டைக்காரர்களுக்கு இது உண்மையான பலம், அதைத் தனியாகப் பேசுகிறேன்.

ஆனால் ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிட வேண்டும். 50இல் வைத்தால் 200இலும் சரியாக இருக்கும் என்பது எல்லா ரைபிளுக்கும் பொதுவான விதி இல்லை. ஏஆரின் ஸ்கோப் உயரமும் .223இன் வேகமும் சேர்ந்ததால் வந்த பொருத்தம் அது. ஸ்கோப் ஒன்றரை அங்குலத்தில் இருக்கும் .308 போல்ட் ரைபிளில், 150 கிரெயின் குண்டை 2,820 அடி வேகத்தில் விட்டு, 50 கெஜத்தில் ஜீரோ வைத்தால் 100இல் மேலே போவது அரை அங்குலத்துக்கும் குறைவு. 200இல் மூன்று அங்குலம் கீழே. அதாவது அந்த ரைபிளுக்கு 50 ஜீரோவும் 100 ஜீரோவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். யாரோ ஏஆருக்குச் சொன்னதைத் தன் போல்ட் ரைபிளுக்கு எடுத்துக்கொண்டு 200இல் குறி தவறாது என்று நம்பியவர்களை நான் சுடுதளத்தில் பார்த்திருக்கிறேன்.

100 கெஜம்

பகலில் பரணிலிருந்து சுடுபவருக்கு என் பரிந்துரை இது.

100 ஜீரோவின் நல்ல குணம், குண்டு பார்வைக்கோட்டுக்கு மேலே போவதே இல்லை என்று சொல்லலாம். 100 கெஜத்துக்குக் கிட்டே வந்து கோட்டைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கும். .308இல் 25 கெஜத்தில் முக்கால் அங்குலம் கீழே, 50இல் கால் அங்குலம்கூடக் கிடையாது, 200இல் நாலு அங்குலம் கீழே. மேலே போகும் தப்பு நடக்க வழியே இல்லை. பன்றியின் உடம்புக்கு இதுதான் ஒத்துப்போகிறது.

ஏஆரில் 25 கெஜத்தில் ஒன்றரை அங்குலம் கீழே, 50இல் முக்கால் அங்குலம் கீழே, 200இல் இரண்டரை அங்குலம் கீழே. மனதில் வைத்துக்கொள்ள எளிது: கிட்டே இருந்தால் கொஞ்சம் மேலே பிடி, தூரமாக இருந்தாலும் கொஞ்சம் மேலே பிடி. கீழே பிடிக்க வேண்டிய தூரம் எதுவும் இல்லை. அவசரத்தில் இது பெரிய உதவி.

டெக்ஸாஸில் தீவனப் பீப்பாய்க்கும் பரணுக்கும் நடுவே வழக்கமாக 60 முதல் 120 கெஜம் இருக்கும். அந்தத் தூரத்தில் காதுக்குச் சுடுபவர் ஜீரோவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. குறுக்குக்கோட்டை வைத்த இடத்தில் குண்டு விழும். 50 ஜீரோ வைத்த ஏஆரோடு அதே பரணில் உட்கார்ந்தால் 100 கெஜத்தில் ஒன்றரை அங்குலம் கழித்துப் பிடிக்க வேண்டும். எலுமிச்சம்பழ அளவில் அது மொத்த விளிம்பையும் தின்றுவிடும்.

சரி, 25 கெஜத்தில் பன்றி வந்து நின்றால்? வரும். ஆற்றோரப் புதர்களில் நடந்து வேட்டையாடுபவர்களுக்கு அடிக்கடி வரும். ஏஆரில் காதைக் குறிவைத்தால் ஒன்றரை அங்குலம் கீழே போய்த் தாடை உடையும். அதைவிடக் கொடுமையான காயம் இல்லை. கிட்டத்தில் காதைச் சுடுவதானால் காதின் மேல் விளிம்பில் பிடியுங்கள், இல்லையென்றால் தோளைச் சுடுங்கள். கிட்டத்தில் குண்டு இப்படிக் கீழே விழுவது 50, 100 எந்த ஜீரோ வைத்தாலும் ஏஆரில் இருக்கும். 50 ஜீரோவிலும் ஓர் அங்குலத்துக்கு மேல் இருக்கிறது.

பழைய .30-30 லீவர் ரைபிள் வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், 100தான். 200இல் ஏழெட்டு அங்குலம் விழும், ஆனால் அந்த ரைபிளை எடுத்துக்கொண்டு 200க்கு யாரும் போவதில்லை.

200 கெஜமும் அதற்கு மேலும்

மான் வேட்டைக்காரர்கள் வட்டத்தின் அளவை வைத்துக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. உயிர்நிலை ஆறு அங்குலம் என்றால், குண்டு எங்கேயும் மூன்று அங்குலத்துக்கு மேலேயோ கீழேயோ போகாதபடி ஜீரோவை எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுவது. மேலே சொன்ன .308க்கு அது சுமார் 225 கெஜம் வரும். அப்படி வைத்தால் 260 கெஜம் வரை வட்டத்தின் நடுவில் பிடித்தாலே போதும்.

தெற்கு டெக்ஸாஸின் புதர்க்காட்டில் நூல் பிடித்தாற்போல வெட்டிய சென்டேரோ என்னும் நீண்ட பாதைகளிலும், அறுவடை முடிந்த சோள வயல்களிலும் இது அர்த்தமுள்ள தேர்வு. அங்கே 200 கெஜம் சாதாரணம், பன்றி பாதையைக் கடந்து மறைய சில நொடிதான் ஆகும். எண் பார்த்துத் திருகுவதற்கு நேரம் கிடைக்காது.

நான் தயங்குவது இரண்டு காரணத்துக்காக. ஒன்று, இந்த முறை குண்டை மேலே போகவிட்டு ஆதாயம் தேடுகிறது, அதுவும் 100 முதல் 150 கெஜத்தில், அதாவது பெரும்பாலான பன்றிகள் சுடப்படும் தூரத்தில். இரண்டு, ஆறு அங்குல வட்டம் என்பது நம் கை துல்லியமாக இருந்தால்தான். வயலில் சாய்மானம் இல்லாமல் சுடுபவரின் சொந்தப் பிசகே இரண்டு மூன்று அங்குலம் வரும். ஜீரோ முழு வட்டத்தையும் எடுத்துக்கொண்டால் கைக்கு ஒன்றும் மிஞ்சாது. 200 ஜீரோ வைத்தே ஆக வேண்டுமென்றால் குறியை உடம்பின் நடுவில் வைக்காதீர்கள். முன்னங்காலின் கோட்டிலேயே மேலே வந்து, கீழ் மூன்றில் ஒரு பங்கில் பிடியுங்கள். 100இல் இரண்டு அங்குலம் ஏறினாலும் நல்ல இடத்தில்தான் விழும்.

இரவில் கணக்கு மாறுகிறது

டெக்ஸாஸில் பன்றிகள் 20 லட்சத்துக்கும் மேல். 254 கவுண்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கின்றன. சுடச்சுட அவை பகலை விட்டு இரவுக்குப் பழகிவிட்டன. அதனால் இப்போது நிறைய வேட்டை தெர்மல் ஸ்கோப்போடு இரவில் நடக்கிறது. தனியார் நிலத்தில் அது சட்டப்படி சரி.

தெர்மலில் வெப்பம் மட்டுமே தெரியும். மரத்தின் நிழல், புல்லின் மடிப்பு, தரையின் சரிவு என்று பகலில் தூரத்தைச் சொல்லிக் கொடுக்கும் எதுவும் அதில் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளை உருவம். 70 கெஜத்தில் நிற்கும் அரைவளர்த்திப் பன்றியும் 150 கெஜத்தில் நிற்கும் பெரிய பன்றியும் ஒரே மாதிரித் தெரியும். நான் ஒரு முறை 80 கெஜம் என்று நினைத்துச் சுட்ட பன்றி பிறகு நடந்து அளந்தால் 160.

தூரமே தெரியாதபோது தூரத்தைப் பொருட்படுத்தாத ஜீரோதான் உதவும். திறந்த வயலில் இரவில் ஏஆர் .223 என்றால் நான் தயங்காமல் 50 கெஜ ஜீரோவைச் சொல்வேன். தோளைக் கீழாகப் பிடித்துச் சுடும்வரை 50இலிருந்து 220 வரை குண்டு வட்டத்துக்குள் இருக்கும். கூட்டமாக ஓடும்போது இரண்டாவது, மூன்றாவது பன்றி தூரம் மாறிக்கொண்டே போகும். அப்போதும் குறி மாறாது. பகலில் நான் 100 என்று வாதாடிய அதே ஆள்தான் இதைச் சொல்கிறேன். இடமும் நேரமும் மாறினால் முடிவும் மாற வேண்டும். லேசர் தூரமானி சேர்ந்த தெர்மல் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை பாதியாகிவிடும். அவர்கள் 100லேயே இருக்கலாம்.

தெர்மலை ஜீரோ செய்வதற்குச் சாதாரணத் தாள் உதவாது, ஏனென்றால் தாளும் பின்பலகையும் ஒரே வெப்பத்தில் இருக்கும். கை சூடாக்கும் சிறு பொட்டலத்தை அட்டையில் ஒட்டலாம். சமையலறை அலுமினியத் தாளில் ஒரு சதுரம் வெட்டி, வானத்தை லேசாகப் பார்க்கும்படி சாய்த்து ஒட்டினால் குளிர்ந்த வானத்தைப் பிரதிபலித்துக் கறுப்பாகத் தெரியும். 100 கெஜத்தில் இந்தப் புள்ளி கலங்கலாகத் தெரிந்தால் 50இல் முதலில் செய்யுங்கள். சில தெர்மல்களில் ஒரு படி திருகினால் 100 கெஜத்தில் அரை அங்குலத்துக்கும் மேல் நகரும். அந்தக் கருவியால் அதைவிட நுணுக்கமாகச் செய்ய முடியாது என்று ஏற்றுக்கொண்டு காதை விட்டுவிட்டுத் தோளைச் சுடுவதுதான் நேர்மை.

300 பிளாக்அவுட் வைத்திருப்பவர்களுக்கு

இந்த ரைபிளில் இரண்டு வகைத் தோட்டா போகும், இரண்டுக்கும் குணம் முற்றிலும் வேறு. 110 கிரெயின் வேகக் குண்டு சுமார் 2,350 அடியில் கிளம்பும். அதை 50 கெஜத்தில் ஜீரோ வைத்தால் 100இல் ஓர் அங்குலத்துக்குக் குறைவாக மேலே, 150இல் அரை அங்குலம் கீழே, 200இல் நாலு அங்குலம் கீழே. அருமையான பொருத்தம். இதற்கு 50தான் என் தேர்வு, பகலானாலும் இரவானாலும்.

ஒலியைவிட மெதுவாகப் போகும் 220 கிரெயின் குண்டு சுமார் 1,000 அடியில்தான் கிளம்பும். 50இல் ஜீரோ வைத்தால் 75இல் இரண்டு அங்குலம் கீழே, 100இல் ஆறு அங்குலம் கீழே, 150இல் இருபது அங்குலத்துக்கும் மேல் கீழே. சைலன்சரோடு சத்தமே இல்லாமல் கூட்டத்தில் இரண்டு மூன்றை எடுக்கலாம் என்று இதை வாங்குகிறார்கள். எடுக்கலாம், தூரம் 75க்குள் இருந்தால். அதுவும் அந்த வேகத்தில் விரியும்படி செய்த குண்டாக இருந்தால் மட்டும். இரண்டு தோட்டாவையும் ஒரே ஜீரோவில் மாற்றி மாற்றிச் சுட நினைக்காதீர்கள். பல தெர்மல்களில் இரண்டு மூன்று ஜீரோக்களைத் தனித்தனியாகச் சேமித்து வைக்கலாம். அது இல்லையென்றால் ஒரு தோட்டாவை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

செய்யும்போது

50இல் ஜீரோ வைப்பவர் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. 50இல் அரை அங்குலப் பிசகு 100இல் ஓர் அங்குலம், 200இல் இரண்டு அங்குலம். 25இல் அதே அரை அங்குலம் 200இல் நாலு அங்குலமாகிவிடும். ஆகவே 50இல் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் 100இல் சுட்டுப் பாருங்கள், இடம் இருந்தால் 200லும். இங்கே நான் கொடுத்த எண்கள் கணக்கில் வந்தவை. உங்கள் குழல் நீளமும் தோட்டாவும் ஸ்கோப் உயரமும் வேறாக இருந்தால் அரை அங்குலம், ஓர் அங்குலம் மாறும். தாளில் விழும் ஓட்டைதான் கடைசி வார்த்தை.

கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு கோண அளவு) ஸ்கோப்பில் ஒரு கிளிக், அதாவது திருகின் ஒரு படி, 100 கெஜத்தில் ஏறக்குறைய கால் அங்குலம் நகர்த்தும், 50இல் அதில் பாதி, 25இல் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. 25இல் ஓர் அங்குலம் நகர்த்தப் பதினாறு கிளிக் வேண்டும். நாலு கிளிக் திருகிவிட்டு ஸ்கோப் கெட்டுப்போயிற்று என்று திட்டுபவர்கள் இதைத்தான் தவற விடுகிறார்கள்.

மூன்று குண்டு சுட்டு உடனே திருகாதீர்கள். குறைந்தது ஐந்து சுட்டு அவற்றின் நடுவைப் பார்த்துத் திருகுங்கள். நடுவே குழலை ஆறவிடுங்கள். பன்றியைச் சுடப்போவது குளிர்ந்த குழலிலிருந்து வரும் முதல் குண்டு. சைலன்சரோடு வேட்டைக்குப் போவதானால் சைலன்சரோடுதான் ஜீரோ செய்ய வேண்டும். மாட்டினால் கழற்றினால் குண்டு விழும் இடம் ஓர் அங்குலமோ இரண்டோ நகரக்கூடும். தோட்டாவின் பிராண்டை மாற்றினாலும் இதே கதை.

லானோவுக்கு நான் இப்போது கொண்டு போவது அதே .308தான். 100 கெஜத்தில் ஜீரோ. பரணின் ஜன்னலிலிருந்து 50, 75, 100, 150 கெஜத்தில் தரையில் குச்சி நட்டு, ஆரஞ்சு நிற நாடா கட்டியிருக்கிறேன். ரைபிளின் கட்டையில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பட்டையில் நாலே எண்கள்: 50க்கும் 100க்கும் பூஜ்யம், 150க்கு ஒன்றரை, 200க்கு நாலு. போன பிப்ரவரியில் ஒரு பெண் பன்றி 75 குச்சிக்குப் பக்கத்தில் பக்கவாட்டில் நின்று சோளம் பொறுக்கியது. காதின் அடியில் வைத்து அழுத்தினேன். கால் உதறக்கூட இல்லை. நண்பர் கையுறையை நீட்டினார். காட்டுப்பன்றிகளுக்குப் புருசெல்லோசிஸ் என்ற, மனிதருக்கும் தொற்றும் நோய் உண்டு, வெறும் கையால் அறுக்கக் கூடாது. எட்டு மணிக்கெல்லாம் இறைச்சி ஐஸ் பெட்டிக்குள் இருந்தது.